கடல்நீர் மீன் தொட்டியில் மணற்பாசி: காரணமும் கட்டுப்பாடும்

பாசி என்பது உழவர்களுக்குப் புதியதொரு பொருளன்று. நாற்றங்காலில் பச்சைப் போர்வை போலப் படர்ந்து இளநாற்றைச் சாய்த்துவிடும் பாசியையும், ஊருணியின் படிக்கட்டில் படிந்து குடமெடுத்து வருவோரை வழுக்கி விழச்செய்யும் பாசியையும் யாவரும் அறிவர். ஆயினும், கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, அடியில் மணல் பரப்பி, அதில் அழகு மீன்களை வளர்க்குமிடத்து உண்டாகும் பாசியைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் எழுதவேண்டிய தேவை என்ன எனச் சிலர் வினவக்கூடும். அத்தேவை நமது வட்டாரத்தில் நேர்ந்த ஒரு நட்டத்தால் உண்டாயிற்று. அதனை முதற்கண் கூறிவிடுதல் நலம்.

கடற்கரையை அடுத்த ஓர் ஊராட்சியில், மகளிர் சுய உதவிக் குழு ஒன்று வங்கிக் கடன் பெற்று, கோமாளி மீன் குஞ்சுகளை வாங்கி விற்பனைப் பருவம்வரை வளர்க்கும் தொழிலை மேற்கொண்டது. ஊராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடம் ஒன்றில் 8 தொட்டிகள் அமைக்கப்பட்டன. மூன்றாம் மாதத்தில் இரண்டு தொட்டிகளின் மணற்பரப்பில் செம்மண் குழம்பைப் பூசியது போன்ற ஒரு படலம் தோன்றிற்று. கையால் வழித்தெடுத்தால் மறுநாளே மீண்டும் படர்ந்தது. குழு உறுப்பினர் ஒருவரின் கணவர் உழவர். தம் நெல்வயலில் பாசி படர்ந்தபோது மயில்துத்தம் இட்டுப் பயன் கண்டவர். அவர் உதவி செய்யும் நல்லெண்ணத்துடன் தொட்டிக்கு ஒரு சிட்டிகை வீதம் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றிவிட்டார். மாலைக்குள் தொட்டியிலிருந்த நத்தைகள் அனைத்தும் ஓட்டுக்குள் சுருங்கிக் கீழே வீழ்ந்தன. மறுநாள் நீர் பால்போல் கலங்கியது. மூன்றாம் நாள் அவ்விரண்டு தொட்டிகளிலும் ஒரு மீனும் எஞ்சவில்லை.

நாம் அங்குச் சென்றபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் நம் நினைவில் உள்ளது. “ஐயா, வயலுக்குப் போடுகிற மருந்தைத்தானே போட்டேன். வயலிலே நெல் சாகவில்லையே?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுமளவுக்கு அன்று நமக்கே இப்பொருளில் தெளிவு இருக்கவில்லை. குழுவினருக்கு நாம் நடத்திய பயிற்சி வகுப்பில் தீவனம், விற்பனை, கடன் தவணை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசினோமேயன்றி, பாசியைப் பற்றி ஒரு சொல்லும் கூறினோமில்லை. அக்குறை நம்முடையதே. அதன்பின் படித்தும் கேட்டும் கண்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

கடல் மீன்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பது நமது நாட்டுக்கு நேற்று வந்த கலையன்று. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் காணும் பொருட்டு ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. 1947இல் நிறுவப்பெற்றுப் பல்லாண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களைக் கடலிலிருந்து பிடித்து வராமல் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது. ஆகவே, குஞ்சும் கிடைக்கிறது, முறையும் தெரிகிறது. இடையில் நின்று தடுப்பது பெரும்பாலும் நீரும் மணலும் பற்றிய அறியாமையே.

படிவது எது என அறிதல்

பயிருக்கு மருந்திடுமுன் பூச்சியா, பூஞ்சணமா, சத்துக் குறைவா எனப் பார்ப்பது உழவர் வழக்கம். மணலில் படிவனவற்றையும் அவ்வாறே பிரித்தறிதல் வேண்டும். எல்லாவற்றையும் ‘பாசி’ என்ற ஒரே பெயரால் அழைப்பதனால்தான் ஒன்றுக்குரிய பரிகாரத்தை மற்றொன்றுக்குச் செய்து கெடுத்துக்கொள்கிறோம்.

தொட்டி அமைத்த முதற் சில வாரங்களில் மணலின்மீதும் கண்ணாடியின்மீதும் பழுப்பு நிறத் தூள் படியும். விரலால் தொட்டால் பொடியாகக் கலைந்துவிடும். இது டயாட்டம் எனப்படும் நுண்பாசி. மணலிலும் நிலத்தடி நீரிலும் கரைந்துள்ள சிலிக்காவைக் கொண்டு தன் ஓட்டைக் கட்டிக்கொள்வது. அச்சத்துத் தீர்ந்தவுடன் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். இதற்காக எவரும் கவலையுற வேண்டியதில்லை.

இரண்டாவது, நாம் மேலே கூறிய செந்நிறப் படலம். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பாலின் மேலாடை போல ஒரே தகடாக எழும்பும். சிறு காற்றுக் குமிழிகள் அதில் சிக்கியிருக்கும். கெட்ட வாடையும் வீசும். நிறம் செம்மையாயினும் இது நீலப்பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்ததே. பச்சையத்தோடு ஒரு செந்நிறப் பொருளும் கலந்திருப்பதனால் இவ்வாறு தோன்றுகிறது. உண்மையில் இது பாசியுமன்று, சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் ஒருவகைப் பாக்டீரியாவேயாகும். நெல்வயலில் இவ்வினம் நமக்கு நண்பன். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தழைச்சத்தாகத் தருகிறது என்பதனை வங்காளத்தைச் சேர்ந்த பி. கே. தே என்னும் விஞ்ஞானி 1939இல் எடுத்துக்காட்டினார். வயலில் நன்மையாகும் அதே குணம் தொட்டியில் தீமையாகிறது. நீரில் தழைச்சத்து இல்லாவிடினும் இவற்றுட் சில காற்றிலிருந்து அதனைப் பெற்றுக்கொள்ளும். ஆகவே தழைச்சத்தைக் குறைத்து இதனைப் பட்டினி போட்டுவிடலாம் என்று எண்ணுதல் வீண். மணிச்சத்தைக் குறைப்பதே வழி.

மூன்றாவது மிகவும் ஏமாற்றக்கூடியது. பழுப்பு நிறக் கோழை போன்றது. நூல் நூலாக மேல்நோக்கி எழும்பி, நுனியில் குமிழியைத் தாங்கி நிற்கும். மாலையில் அடர்ந்து காணப்படும், இரவில் விளக்கணைத்தபின் பெருமளவு மறைந்துவிடும், மறுநாள் ஒளி வந்தவுடன் திரும்பவும் தோன்றும். இதற்கு டைனோபிளாஜெல்லேட் என்று பெயர். பெயர் நீளமாயினும் உறுப்பினர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம், ஏனெனில் இதனுட் சில நஞ்சுடையவை. தின்ற நத்தைகள் செயலிழந்து மாண்டுபோகும். முதலாவதாகக் கூறிய தீங்கற்ற பழுப்புத் தூளென்று இதனைக் கருதிப் பலர் ஏமாறுகின்றனர். பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கோழையைச் சிறிதளவு தொட்டி நீருடன் ஒரு புட்டியிலிட்டு நன்கு குலுக்கி, மெல்லிய காகிதத்தில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். அந்நீரில் மீண்டும் நூல்கள் திரண்டால் அது டைனோபிளாஜெல்லேட் எனக் கொள்ளலாம். ஊராட்சியில் உயர்நிலைப் பள்ளி இருக்குமாயின், அங்குள்ள நுண்பெருக்கியில் ஒரு துளியை வைத்துப் பார்த்தால் அவை சுழன்று திரிவதைக் காணலாம். மாணவர்களுக்கும் அது நல்ல பாடம்.

நான்காவது பச்சை நூற்பாசி. கற்களிலும் மணற்பருக்கைகளிலும் வேர்கொண்டது போல் ஒட்டி வளரும். இதனைக் கண்டறிய எவருக்கும் நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

எருவிட்டவர் நாமே

தொட்டியில் பாசிக்கு எரு இடுபவர் யார்? நாமே இடுகிறோம், தீவனத்தின் வடிவில். இதனை ஒரு கணக்கால் விளக்குவோம்.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 250 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 200 லிட்டர் நீர் எனக் கொள்வோம். அதற்கு நாள்தோறும் 5 கிராம் உலர்தீவனம் இடுவதாகவும், தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் பாஸ்பரஸ் தொட்டிக்குள் செல்கிறது. லிட்டருக்குக் கால் மில்லிகிராம். மீன் உடலில் ஒரு பகுதி தங்கும். எஞ்சியது கழிவாகவும் தின்னாத தீவனமாகவும் மணலில் இறங்குகிறது. திறந்த கடலின் மேற்பரப்பு நீரிலோ லிட்டருக்கு மில்லிகிராமில் நூறில் சில பங்குகளே பாஸ்பரஸ் உண்டு. கடலில் ஒரு மாதத்தில் காணாத எருவை நம் மீன்கள் ஒரே வேளையில் காண்கின்றன என்றால் அது மிகையாகாது. வயலுக்கு மூட்டை மூட்டையாகச் சூப்பர் பாஸ்பேட் இட்டுவிட்டு, களை ஏன் முளைத்தது என்று கேட்பதை ஒக்கும் இது.

தழைச்சத்தின் கதை சற்று வேறு. தின்னாத தீவனமும் மீன் கழிவும் அழுகி முதலில் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் கற்களிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட் ஆக்குகிறது, மற்றொரு வகை அதனை நைட்ரேட் ஆக்குகிறது. இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதற்குமுன் மீன்களை நிறைத்துவிடுவோர் அமோனியாவால் மீனையும் இழப்பர், பாசிக்கும் இடங்கொடுப்பர். கடன் தவணை தொடங்கிவிடுகிறதே என்ற அவசரத்தில் குழுக்கள் இப்பிழையைச் செய்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வங்கி அதிகாரிகளிடம் பேசி முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைக்கச் செய்வது ஊராட்சித் தலைவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த ‘பாசி மருந்து’ என்று சொல்வோம்.

எரு மட்டும் போதாது. ஒளியும் அசையாத நீரும் சேர்ந்தால்தான் மணலில் படலம் படரும். சன்னலை ஒட்டித் தொட்டியை வைத்து, பகலெல்லாம் வெயில்பட விடுவது தவறு. விளக்கொளி நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். மீன்களை மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு அதனினும் குறைந்தாலும் கேடில்லை. இரவெல்லாம் விளக்கெரிப்பது அழகுக்காகச் செய்யும் வீண்செலவு. நீரோட்டத்தைப் பொறுத்தவரை, செந்நிறப் படலம் எப்போதும் நீர் தேங்கிய மூலையிலேயே தொடங்கும். மேற்கூறிய ஊராட்சியின் எட்டுத் தொட்டிகளையும் நாம் பின்னர் உற்றுநோக்கியபோது, படலம் தோன்றிய இரண்டும் காற்றுப் பம்பின் கடைசிக் கிளைக்குழாயில் இருந்தவை எனத் தெரிந்தது. வாய்க்காலின் கடைமடைக்கு நீர் எட்டாதது போல, கடைத் தொட்டிக்குக் காற்று எட்டவில்லை. ஒரு சிறு நீரோட்ட மோட்டாரைத் திருப்பி வைத்திருந்தால் அத்தனை நட்டமும் நேர்ந்திராது.

மணலும் நீரும்

மணலைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் பார்த்து ஆற்று மணலை இடுவோர் உளர். ஆற்று மணல் பெரும்பாலும் சிலிக்காவே. கடல்நீரின் காரத்தன்மையைக் காக்கும் சுண்ணாம்பு அதில் இல்லை. கிளிஞ்சல் தூள் இதற்கு ஏற்றது. உப்பும் புழுதியும் நீங்க நன்னீரில் பலமுறை அலசி, வெயிலில் உலர்த்தி, அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை பரப்பினால் போதும். கனமாகப் பரப்பினால் அடியில் பிராணவாயு எட்டாது, மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு உண்டாகும். மூடிக்கிடந்த கிணற்றில் இறங்குவதன் ஆபத்தை அறிந்த உழவர்கள் இவ்வாயுவின் கொடுமையையும் அறிவர். கறுத்த மணல் கனமாக இருக்குமாயின் ஒரேயடியாகக் கிளறிவிடலாகாது. கிளறினால் அவ்வாயு நீரில் கலந்து மீன்களைக் கொன்றுவிடும்.

தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது கடல்நீரை ஊற்றி ஈடு செய்வது மற்றொரு பிழை. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பன்று. குறைந்ததற்கு நன்னீரே ஊற்றவேண்டும். அந்த நன்னீர் எங்கிருந்து வருவது? ஆழ்குழாய் நீரில் சிலிக்காவும், உரமிட்ட வயல்களை அடுத்த இடங்களில் நைட்ரேட்டும் இருக்கும். நாள்தோறும் ஒரு லிட்டர் ஊற்றினாலும் அவை தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றினும் சிறந்தது மழைநீர். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. முதல் மழையைக் கழித்துவிட்டு, சுத்தமான சிமெண்டுத் தளத்திலிருந்து வரும் நீரைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து மூடிவைத்தால் பல மாதங்களுக்கு உதவும். துத்தநாகத் தகட்டுக் கூரையின் நீர் ஆகாது. செம்பு, பித்தளைக் குடங்களில் மொண்டு ஊற்றுவதும் ஆகாது. குடிநீருக்குச் சிறந்த செப்புக் குடம் கடலுயிருக்கு யமனாகிறது.

மாற்றுவதற்குரிய கடல்நீரைச் சாக்கடை வந்து கலக்கும் இடத்திலோ, மீன் கழுவும் இடத்திலோ எடுத்தால் பாசிக்குரிய எருவையே காசு கொடுத்துச் சுமந்து வந்தவராவோம். தூய இடத்தில் எடுத்து, துணியில் வடிகட்டி, மூடிய பீப்பாயில் ஒரு வாரமேனும் இருட்டில் வைத்துத் தெளிந்தபின் பயன்படுத்த வேண்டும். ஊராட்சியின் கழிவுநீர் எங்கே கடலில் சேர்கிறது என்பதைத் தொழில் செய்வோர்க்குக் காட்டித் தருவது உறுப்பினர்களின் கடமை.

செய்யத்தக்கன

செந்நிறப் படலம் தோன்றியவுடன் செய்யவேண்டியது அதனை உறிஞ்சி அகற்றுவதே. விரல் பருமனுள்ள நெகிழ்குழாயை நீரால் நிரப்பி, ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைத் தாழ்வாக வைத்த வாளியிலும் விட்டால் நீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்சித் தொடங்கலாகாது, முன் கூறிய நஞ்சுடைய வகையாக இருந்தால் தீங்கு நேரும். படலத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, மணலோடு சேர்த்தே உறிஞ்சுதல் வேண்டும். கிளறிக் கலைத்துவிட்டால் துண்டுகள் பறந்து சென்று வேறிடத்தில் குடியேறும். கோரையைப் பிடுங்காமல் உழுதுவிட்டவன் கதிதான். வாளியில் சேர்ந்த மணலைக் கடல்நீரில் அலசித் திரும்ப இடலாம்.

வாரத்துக்கு ஒருமுறை, 200 லிட்டரில் 20 முதல் 30 லிட்டர் வரை இவ்வாறு எடுத்து, சேமித்த கடல்நீரால் ஈடு செய்தால் போதும். ஒரே நாளில் மணல் முழுவதையும் கழுவிவிட வேண்டா. அமோனியாவை நீக்கும் பாக்டீரியாவும் அதிலேதான் வாழ்கிறது. வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்குப் பரப்பை முறைவைத்துச் சுத்தம் செய்வதே ஏற்றது. நீரின் உப்பளவைப் பார்க்க ஹைட்ரோமீட்டர் ஒன்று அவசியம். 1.025 என்ற அளவையொட்டி நிற்கச் செய்தல் வேண்டும்.

தீவனத்தை, மீன்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இடவேண்டும். பனிக்கட்டியில் வைத்த இறால், கணவாய்த் துண்டுகளை நன்னீரில் அலசி, அந்நீரை வெளியே ஊற்றிவிட்டே தொட்டியிலிட வேண்டும். அந்தக் கலங்கல் நீர்தான் பாசிக்கு முதற்றர எரு. இது சிறு செய்தியாகத் தோன்றும். ஆனால் குழுவினரிடம் நாம் வலியுறுத்திய அனைத்திலும் மிக விரைவாகப் பலன் தந்தது இதுவே.

இவ்வளவும் செய்தபின்னும் படலம் விடாதிருந்தால் மூன்று நாள் இருட்டடிப்புச் செய்யலாம். முதலில் இயன்றமட்டும் உறிஞ்சி அகற்றி, விளக்கை நிறுத்தி, தொட்டியைக் கறுப்புத் துணியால் நாற்புறமும் மூடிவிட வேண்டும். காற்றுப் பம்பு மட்டும் நில்லாமல் ஓடவேண்டும், ஏனெனில் மடியும் பாசி பிராணவாயுவைக் குடித்துவிடும். மின்தடை அடிக்கடி நேரும் ஊரில் மின்கலத்தால் இயங்கும் பம்பு இல்லாமல் இதனைத் தொடங்கவே கூடாது. மூன்றாம் நாள் முடிவில் திறந்து, மடிந்தவற்றை உறிஞ்சி, நீரை மாற்றவேண்டும். காரணத்தைப் போக்காமல் இருட்டடிப்பு மட்டும் செய்தால் இரண்டு வாரத்தில் பழைய நிலையே.

டைனோபிளாஜெல்லேட் வகைக்கு இம்முறைகளுள் ஒரு பகுதி எதிர்மாறாக வேலை செய்யும் என்பதை மறத்தலாகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாதபடி அளவுக்குமீறித் துடைத்துவைத்த தொட்டியில் மற்றப் பாசிகள் பட்டினியால் ஒழிய, போட்டியின்றி இது பெருகுகிறது. அப்போது நீர் மாற்றுவதைச் சிறிது காலம் நிறுத்தி, தீவனத்தை வழக்கமான அளவுக்கு உயர்த்தி, ஒளியைக் குறைத்து, கோழையை மட்டும் உறிஞ்சி வரவேண்டும். சுத்தத்திலும் அளவு உண்டு என்பது விசித்திரமாகத் தோன்றினும் உண்மை.

மணலைக் கிளறித் தின்னும் சிறு நத்தைகள் நல்ல வேலையாட்கள். பழுப்புத் தூளையும் எஞ்சிய தீவனத்தையும் தின்னும். செந்நிறப் படலத்தை மட்டும் அவை பெரும்பாலும் தொடுவதில்லை. அளவுக்கு மிஞ்சி விட்டால் உணவின்றி மடிந்து, தாமே எருவாகிவிடும். இங்கு ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு, மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டையை விடலாம் என்று கூறும் வியாபாரிகள் இருக்கின்றனர். நமது நாட்டில் கடல் அட்டையும் பவளமும் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் அமைக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் நத்தையோ, கல்லோ, மணலோ எடுப்பதும் தவறு. ஒரு தொட்டியின் அழுக்கைப் போக்கப் போய்க் குழுவே நீதிமன்றப் படியேற நேரிடும். இதனைக் கிராமசபைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

மயில்துத்தத்தின் கணக்கு

இனி அந்த உழவரின் கேள்விக்கு வருவோம். மயில்துத்தத்தின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செம்பு. ஒரு கிராமை 200 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு ஒன்றேகால் மில்லிகிராம் செம்பு ஆகிறது. நத்தை, நண்டு, இறால் போன்ற உயிர்கள் இதில் சிறு பகுதியைக்கூடத் தாங்கமாட்டா. வயலில் நெல் நிற்பது மண்ணில். இட்ட செம்பின் பெரும்பகுதியை மண்ணும் மட்கும் பிடித்து வைத்துக்கொள்கின்றன, நீர் பாய்கிறது, வடிகிறது. தொட்டியிலோ வடிகால் இல்லை. நத்தைகள் ஒருங்கே மடிந்து அழுக, பாசியும் மடிந்து அழுக, அமோனியா பெருகிப் பிராணவாயு வற்றிப்போயிற்று. மீன்கள் செம்பாலும் மூச்சடைப்பாலும் மாண்டன. அதனோடும் முடியவில்லை. சுண்ணாம்பு மணல் செம்பைத் தன்பால் ஈர்த்துவைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாக வெளிவிடும். ஆகவே அத்தொட்டிகளின் மணலையும் கற்களையும் அடியோடு கழிக்கவேண்டியதாயிற்று.

எரித்ரோமைசின் போன்ற மனித மருந்துகளை இடச்சொல்வோரும் உளர். செந்நிறப் படலம் பாக்டீரியா ஆதலால் அது மடியக்கூடும். ஆயினும் பயனுள்ள பாக்டீரியாவுக்கும் கேடு நேரலாம். அம்மருந்து கலந்த நீரை வெளியே கொட்டினால் நோய்க்கிருமிகள் மருந்துக்கு அஞ்சாத வலிமை பெறும். நம் குழந்தைகளின் காய்ச்சலுக்கு வேண்டிய மருந்தை மணலில் கொட்டுவது தகாது.

கழிவுநீர் எங்கே போவது?

இது உழவர்களைச் சேர்ந்த செய்தி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வாரத்துக்கு 20 லிட்டர் மாற்றினால் ஒரு தொட்டி 700 கிராம் உப்பை வெளியேற்றுகிறது. எட்டுத் தொட்டிகளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 290 கிலோ. இதனைக் கட்டடத்தின் பின்புறம் கொட்டிக்கொண்டே வந்தால் அருகிலுள்ள கிணறு உவர்த்துப்போகும், தென்னையும் வாடும். அவ்வூரில் அதுவே ஒரு சச்சரவாக மூண்டது. பக்கத்து நிலத்துக்காரர் ஊராட்சியில் மனுக் கொடுத்தார், அவர் மனுவில் நியாயமும் இருந்தது. இப்போது அந்நீர் துணியில் வடிகட்டப்பட்டு, பீப்பாய்களில் ஏற்றி உவர்க்கழிக்குக் கொண்டு செல்லப்படுகிறது. வடிந்த பாசியை நன்னீரில் அலசிக் குப்பைக்குழியில் இடுகின்றனர். மருந்தோ செம்போ பட்ட நீரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழியிலோ கடலிலோ விடலாகாது.

குழு மீண்டும் எட்டுத் தொட்டிகளையும் நடத்தி வருகிறது. பம்பின் கிளைக்குழாய்கள் மாற்றி அமைக்கப்பட்டன. சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. இட்ட தீவனம், மாற்றிய நீர், மணலின் நிறம் ஆகியவற்றைத் தேதிவாரியாக எழுதுகின்றனர். செந்நிறப் படலம் அதன்பின் இருமுறை தலைகாட்டியது. இருமுறையும் உள்ளங்கை அகலத்தைத் தாண்டுமுன் உறிஞ்சி அகற்றப்பட்டது. மயில்துத்தம் இட்ட அவ்வுழவரே இப்போது சனிக்கிழமைதோறும் குழாய் பிடித்து மணலை உறிஞ்சுபவர். “வயலில் களையெடுக்கிற மாதிரிதான் ஐயா இதுவும், முதுகு மட்டும் வலிக்கவில்லை” என்கிறார். இறந்த மீன்களுக்கான கடனில் மூன்று தவணைகள் இன்னும் நிலுவையில் உள்ளன. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மழைநீர் பிடிக்க இரண்டு பீப்பாய்கள் வாங்கித்தர ஊராட்சி தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.